மக்கள் வண்டியும் மக்கள் நம்பிக்கையும்



ஒரு மனிதனுக்கு நற்பெயர் எவ்வாறு வருகிறது என்பதை நாம் அறிவோம். அவன் சொன்னதைச் செய்தான் என்று பலர் பலமுறை கண்டபின்பே அது வருகிறது. ஒரு தொழிற்சாலைக்கும் நற்பெயர் வரும் வழி அதுவேயாகும். ஆயினும் தொழிற்சாலை என்பது தனி மனிதன் அன்று. தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கானோர் அதில் உழைக்கின்றனர். ஒருவர் ஈட்டிய பெயரால் மற்றொருவர் பயன் அடைகிறார்; ஒருவர் செய்த பிழைக்காக மற்றொருவர் தலைகுனிகிறார். இதனை விளக்குவதற்கு ஜெர்மனி நாட்டின் வோக்ஸ்வாகன் என்னும் மோட்டார் வண்டி நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஜெர்மானியர் இதனை 'ஃபோல்க்ஸ்வாகன்' என்று ஒலிப்பர். 'ஃபோல்க்' என்றால் மக்கள். 'வாகன்' என்றால் வண்டி. நாம் வழங்கும் 'வாகனம்' என்ற வடசொல்லும் இந்த 'வாகன்' என்ற சொல்லும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழிநூலார். ஆகவே 'மக்கள் வண்டி' என்பதே இப்பெயரின் பொருள்.

1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மோட்டார் வண்டி செல்வரின் உடைமையாகவே இருந்தது. எளிய குடும்பத்தாரும் வாங்கத்தக்க சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று பொறியாளர் பலர் எண்ணினர். செக்கோஸ்லோவாகியாவில் டாட்ரா நிறுவனத்தின் ஹான்ஸ் லெட்விங்கா அவ்வழியில் உழைத்தார். ஜெர்மனியில் யோசெப் கான்ஸ் என்பவரும் உழைத்தார். அவர் யூத மரபினர் ஆதலால் ஹிட்லர் ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1934ஆம் ஆண்டில் மக்கள் வண்டியை வடிவமைக்கும் பணி ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. விலை 1,000 மார்க்குக்குள் அடங்க வேண்டும் என்பது ஹிட்லரின் ஆணை.

போர்ஷே உருவாக்கிய வண்டி முதுகு வளைந்து ஒரு வண்டினைப் போலத் தோன்றியது. பிற்காலத்தில் உலகம் அதனை 'வண்டு' என்றே அழைத்தது. அதன் எஞ்சின் முன்புறத்தில் இல்லை, பின்புறத்தில் இருந்தது. பின்சக்கரங்களே வண்டியைச் செலுத்துவன. ஆதலால் எஞ்சினின் ஆற்றலை முன்னிருந்து பின்னுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு தேவைப்படவில்லை. எஞ்சினைக் குளிர்விக்க நீரும் வேண்டியதில்லை. விசிறி செலுத்தும் காற்றே போதும். ஐரோப்பாவின் கடுங்குளிரில் நீர் உறைந்து எஞ்சின் கெடும் என்ற கவலை இதனால் ஒழிந்தது. உறுப்புகள் குறைந்தன, பழுதும் குறைந்தது. எளிமையே அவ்வண்டியின் வலிமை என்று கூறலாம்.

ஆனால், நல்ல வண்டி பிறந்த வீடு நல்ல வீடாக அமையவில்லை. 1938ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், ஃபாலர்ஸ்லேபன் என்னும் ஊரின் அருகே ஹிட்லரே தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். ஆலையைக் கட்டிய ஜெர்மானியத் தொழில் முன்னணி என்ற அமைப்பு, 1933இல் தொழிற்சங்கங்களிடமிருந்து பறிமுதல் செய்த சொத்துகளைத் தன்வசம் வைத்திருந்தது. அவ்வமைப்பே பொதுமக்களுக்கு ஒரு சேமிப்புத் திட்டத்தையும் அறிவித்தது. வாரந்தோறும் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டி வரவேண்டும். 990 மார்க் விலை நிறைந்தால் வண்டி கிடைக்கும். ஏறத்தாழ 3,36,000 பேர் இத்திட்டத்தில் சேர்ந்தனர். 1939இல் போர் மூண்டது. ஆலை போர்க்களத்துக்குரிய வண்டிகளையும் கருவிகளையும் செய்யத் தொடங்கியது. முத்திரை ஒட்டியவர்களுள் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்படி வண்டி கிடைக்கவில்லை. போருக்குப்பின் அவர்கள் வழக்காடினர். 1961இல்தான் அவ்வழக்கு முடிவுக்கு வந்தது. புதிய வண்டி வாங்குவோர்க்கு 600 மார்க் வரை தள்ளுபடி, அல்லது கையில் 100 மார்க் ரொக்கம் என்பதே அவர்கள் பெற்ற ஈடு.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. போர் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அவ்வாலையில் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். போலந்து, சோவியத் நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டோர், போர்க் கைதிகள், வதை முகாம்களின் சிறையாளர் ஆகியோர் அவர்கள். உழைக்க வந்த பெண்கள் பெற்ற குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு விடுதியில் வைத்தனர். ரூயன் என்னும் ஊரில் இருந்த அவ்விடுதியில் முந்நூறுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் பேணுவாரின்றி மாண்டன. இந்நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் இதனை விடுத்துச் சொல்லுதல் முறையன்று.

1945இல் ஜெர்மனி தோற்றது. ஆலையின் ஒரு பகுதி குண்டுவீச்சால் சிதைந்து கிடந்தது. அவ்வூருக்கு அருகிலிருந்த பழைய கோட்டையின் பெயரால் வோல்ஃப்ஸ்பர்க் என்ற புதுப்பெயர் இடப்பட்டது. அப்பகுதி பிரிட்டிஷ் படையின் ஆட்சிக்கு உட்பட்டது. ஐவன் ஹர்ஸ்ட் என்னும் 29 வயதுப் படை அதிகாரி ஆகஸ்டு மாதத்தில் ஆலையின் பொறுப்பை ஏற்றார். இடிந்த ஆலையை உடைத்து எடுத்துச் செல்வதா, இயக்குவதா என்பதே அன்றைய கேள்வி. பிரிட்டிஷ் படைக்கு வண்டிகள் தேவைப்பட்டன. ஆகவே 20,000 வண்டிகளுக்கு உத்தரவு பெறப்பட்டது. 1945 டிசம்பர் இறுதியில் வண்டிகள் தொடர்ந்து வெளிவரத் தொடங்கின. உணவுப் பஞ்சமும் இரும்புப் பஞ்சமும் நிலவிய 1946இல் சுமார் 10,000 வண்டிகள் உருவாயின. வெற்றி பெற்ற நாட்டின் அதிகாரி, தோற்ற நாட்டின் ஆலையில், செய்த வண்டியைச் சோதிக்க ஒரு பிரிவும், விற்ற வண்டியைப் பழுதுபார்க்க ஒரு பிரிவும் அமைத்தார் என்பது நினைக்கத்தக்க செய்தியாகும்.

1948ஆம் ஆண்டு ஜனவரியில் ஹைன்ரிஷ் நார்ட்ஹாஃப் என்னும் பொறியாளர் ஆலையின் தலைவரானார். 1968இல் இறக்கும்வரை அவரே தலைவர். ஆண்டுக்கொரு புதுவடிவம் காட்டி வாடிக்கையாளரைக் கவர்வது அமெரிக்க நிறுவனங்களின் வழக்கம். நார்ட்ஹாஃப் அவ்வழியில் செல்லவில்லை. வெளித்தோற்றத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளுறுப்புகளைச் சிறிது சிறிதாகத் திருத்தி வந்தார். ஒரு நாட்டில் வண்டியை விற்கப் புகுமுன் அங்கே உதிரி உறுப்புகளும், தேர்ந்த பணியாளரும், பழுதுபார்க்கும் நிலையமும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பத்து லட்சமாவது வண்டு வெளிவந்தது.

அமெரிக்காவில் இந்நிறுவனம் செய்த விளம்பரம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பழுதுள்ள பொருளை 'எலுமிச்சை' என்று இகழ்வது அந்நாட்டு வழக்கு. 1960இல் வெளியான விளம்பரத்தில் ஒரு வண்டின் படம் இருந்தது. அதன்கீழே 'எலுமிச்சை' என்ற அந்த ஒரே சொல் இருந்தது. தன் பொருளைத் தானே இகழும் நிறுவனமும் உண்டோ என்று வியந்து படித்தவர்கள் விளக்கத்தைக் கண்டார்கள். வண்டியினுள்ளே சிறு பெட்டியின்மேல் இருந்த பளபளப்பான பட்டையில் ஒரு சிறு மாசு இருந்ததாம்; அதனால் ஆலையின் சோதனையாளர் அவ்வண்டியையே ஒதுக்கிவிட்டாராம். "எங்கள் குறையை நாங்களே முதலில் கண்டுபிடிக்கிறோம், ஆதலால் நீங்கள் நம்பலாம்" என்பதே அவ்விளம்பரத்தின் கருத்து. மக்கள் நம்பினர். 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், 1,50,07,034ஆவது வண்டு உருவாகி, அமெரிக்காவின் ஃபோர்டு 'டி' வகை வண்டியின் உலகச் சாதனையைக் கடந்தது. 1974இல், நீரால் குளிரும் எஞ்சினை முன்புறத்தில் கொண்ட 'கால்ஃப்' என்ற புதுவண்டி வந்தது. கடைசி வண்டு 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் உருவாயிற்று. மொத்தம் 2,15,29,464 வண்டுகள்.

இடையில், தன் இருண்ட காலத்தையும் நிறுவனம் ஆராயத் தொடங்கியது. 1986இல் ஹான்ஸ் மாம்சன் என்ற வரலாற்றறிஞரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 1996இல் அவரது நூல் வெளிவந்தது. 1998இல் கட்டாய உழைப்புக்கு ஆளானோருக்கென ஒரு நிதி நிறுவப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்தே இது நிகழ்ந்தது, எனினும் நிகழ்ந்தது.

இனி, யான் முதன்மையாகச் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

டீசல் எஞ்சினுக்குள் வெப்பம் மிகுதியாகும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் தோன்றுகின்றன. இவை மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்குவன. குழந்தைகளையும் ஆஸ்துமா நோயாளரையும் மிகுதியாகத் துன்புறுத்துவன. ஆதலால் வண்டி எவ்வளவு புகை விடலாம் என்பதற்கு அரசாங்கங்கள் வரம்பு விதித்துள்ளன. வண்டியைச் சோதனைச் சாலையில் உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டி அளப்பது வழக்கம். சக்கரங்கள் சுழலும், வண்டி நகராது, திசைமாற்றும் சக்கரத்தை எவரும் திருப்புவதும் இல்லை.

வோக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் தன் டீசல் வண்டிகளைத் 'தூய டீசல்' என்று கூறி விற்றது. 2013இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சிலர், அளவு கருவிகளை வண்டிக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு, கலிபோர்னியாவின் மெய்யான சாலைகளில் மூன்று டீசல் வண்டிகளை ஓட்டி அளந்தனர். அக்குழுவில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். அப்பெயர் நம் செவிக்குப் பழகிய பெயர். வேறொரு நிறுவனத்தின் வண்டி பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. வோக்ஸ்வாகன் வண்டிகள் இரண்டும் வரம்பைப் பன்மடங்கு மீறின. தங்கள் கருவிதான் பிழையோ என்று மீண்டும் மீண்டும் சரிபார்த்தபின் அவர்கள் 2014இல் முடிவை வெளியிட்டனர். கலிபோர்னிய அதிகாரிகள் மேலும் துருவினர். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்க அரசு உண்மையை உலகறியச் செய்தது.

உண்மை இதுதான். எஞ்சினை ஆளும் கணிப்பொறிக்குள் ஒரு கட்டளைத் தொடர் ஒளிந்திருந்தது. திசைமாற்றும் சக்கரத்தின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு, வண்டி சோதிக்கப்படுகிறதா என்பதை அது அறிந்துகொள்ளும். சோதனை என்று தெரிந்தால் புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பை முழுமையாக இயக்கும். சாலை என்று தெரிந்தால் அதனைத் தளர்த்திவிடும். சாலையில் வெளிவந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல் 40 மடங்கு வரை இருந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இக்கட்டளைத் தொடர் இருந்தது. நிறுவனத்தின் தலைவர் ஐந்து நாளில் பதவி துறந்தார். 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனம் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம், ஈட்டுத்தொகை முதலிய வகையில் 3,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட பொருள் இழப்பு ஏற்பட்டது.

யான் முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணிசெய்தவன். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெள்ளையடித்த சுவரையும், பெயரளவில் இருந்த மாணவர் வந்து வரிசையில் அமர்வதையும் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அப்பள்ளிகளில் எவரும் தம்மைப் பொய்யர் என்று எண்ணியதில்லை. ஒருநாளைச் சமாளிக்கிறோம் என்றே எண்ணினர். அக்கட்டளைத் தொடரை எழுதியோரும் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். ஆனால் ஆய்வாளர் பார்ப்பது பள்ளியின் சுவரை அன்று; பிள்ளைகளின் கல்வியை. புகைச் சோதனையும் ஒரு வண்டியைப் பற்றியது அன்று. சாலையோரத்தில் மூச்சுவிடும் மக்களைப் பற்றியது. சோதனையை ஏமாற்றியவர் அம்மக்களையே ஏமாற்றுகிறார்.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு சிறு மாசுக்காக வண்டியை ஒதுக்கியதாகச் சொல்லி மக்களின் நம்பிக்கையைப் பெற்ற அதே நிறுவனமே பிற்காலத்தில் இதனைச் செய்தது. முன்னோர் தேடிய நற்பெயர் பின்னோரைத் திருத்தவில்லை. அவர்களின் பொய்க்குத் திரையாக நின்றது. பெயரைக் கண்டு மக்கள் ஐயுறாது வாங்கினர். ஆகவே நற்பெயர் உடையவரிடத்தும் அளவுகோல் வேண்டும். பெரிய நிறுவனத்தின் வண்டி என்று மலைக்காமல், எண்ணை நம்பி மறுபடியும் அளந்து பார்த்த சிலர் இருந்தமையால் அன்றோ உண்மை வெளிப்பட்டது?

உங்களுள் பலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். அக்கட்டளைத் தொடரை எழுதியவரும் பொறியாளரே. அதன் விளைவைச் சாலையில் அளந்து காட்டியவரும் பொறியாளரே. இருவரும் கற்ற கணிதம் ஒன்று, இயற்பியல் ஒன்று. என்றேனும் ஒருநாள், "சோதனையில் தேறினால் போதும்" என்று மேலிருப்பவர் ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும். அன்று விடை சொல்ல ஆசிரியர் அருகில் இருக்கமாட்டார். அந்த விடையை இன்றே சிந்தித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே யான் உங்களைக் கேட்டுக்கொள்வது.