கடிப்பதும் காலால்தான்

தென் அமெரிக்கப் பெரும்பூரானைத் தெரிந்துகொள்ள அதை மல்லாக்கப் போட்டுப் பார்ப்பதே நல்லது. உயிரோடு வேண்டாம், சாராயக் குப்பியில் பதப்படுத்தி வைத்ததை. மேலிருந்து பார்த்தால் பளபளக்கும் செம்பழுப்பு ஓடும் மஞ்சள் பாய்ந்த கால்களும்தான் கண்ணில் படும். விஷயமெல்லாம் வயிற்றுப்பக்கம் இருக்கிறது. புரட்டியதும் தலைக்கு அடியில், வாயை முக்கால்வாசி மறைத்தபடி, தடித்த இரண்டு கொடுக்குகள் ஒன்றையொன்று பார்த்து வளைந்திருக்கும். நுனி கன்னங்கரேலென்று இருக்கும். பூரான் கடித்துவிட்டது என்று நாம் சொல்லும்போது உண்மையில் கடித்தது இவைதான். ஆனால் இவை பல்லுமல்ல, தாடையுமல்ல. தலைக்கு அடுத்த முதல் கண்டத்தில் முளைத்த ஒரு ஜோடிக் கால்கள்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பூரானின் உடல் முழுவதும் விளங்கிவிடும். கால் என்ற ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பச் செய்து, இடத்துக்கு இடம் வேலையை மட்டும் மாற்றிக் கட்டிய உடல் அது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கோலோபெண்ட்ரா ஜைகாண்டியா. 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயர். 30 சென்டிமீட்டர் வரை, அதாவது பள்ளிக்கூட அளவுகோலின் நீளத்துக்கு வளரும். அமேசான் பூரான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆனால் அதன் சொந்த ஊர் அமேசான் காட்டின் நடுப்பகுதி அல்ல. வெனிசுவேலா, கொலம்பியாவின் வடபகுதிகளும், டிரினிடாட், அரூபா, குராசோ, மார்கரீட்டா போன்ற தீவுகளும்தான். எந்த உடலை வைத்து இந்த இனத்தை அடையாளம் காண்பது என்ற குழப்பம் வெகுகாலம் நீடித்தது. அதற்கென ஒரு மாதிரி உடலை முறைப்படி தேர்ந்தெடுத்து அறிவித்ததே 2000-இல்தான். நம் வீட்டுக் குளியலறையில் திடீரென்று தட்டுப்படும் பூரான்களில் சிலவும் இதே ஸ்கோலோபெண்ட்ரா பேரினம்தான். அளவு சிறியது, அமைப்பு ஒன்றே.

கொடுக்குக்கு வருவோம். அதில் நான்கு கணுக்கள் உண்டு. அடிக்கணு பருத்தது, தசை நிறைந்தது. அடுத்த இரண்டும் பெயருக்குத்தான் கணுக்கள். வளையம் மாதிரிக் குறுகிக் கிடக்கும். கடைசியில் வளைந்த நகம். நடக்கும் காலில் இந்த நடுக்கணுக்கள் நீளமாக இருக்கும். இங்கே அவை சுருங்கிப்போனதால் அடிக்கணுவின் பலம் வீணாகாமல் நேராக நகத்துக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டு கொடுக்குகளின் அடிப்பகுதியும் நடுவில் ஒட்டி ஒரே தட்டாகிவிட்டது. அதன் முன்விளிம்பில் கரிய சிறு பற்கள் வரிசையாக இருக்கும். முட்டைக்குள் கரு உருவாகும்போது இந்தக் கொடுக்கும் மற்றக் கால்களைப் போலவே ஒரு சிறு மொட்டாகத்தான் தலைகாட்டுகிறது. பிறகுதான் அதன் போக்கு மாறுகிறது.

விஷச்சுரப்பி கொடுக்குக்கு உள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் தசை. தசை இறுகினால் விஷம் குழாய் வழியாக நகத்துக்குப் பாயும். வெளியேறும் துளை நகத்தின் நுனியில் இல்லை, நுனிக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் இருக்கிறது. வண்டின் ஓட்டையோ எலியின் தோலையோ துளைக்க வேண்டிய முனை கெட்டியாக இருந்தாக வேண்டும் அல்லவா? தேள் வாலை விஷ ஆயுதமாக்கியது. சிலந்தி வாய்க்கு முன்னால் இருந்த உறுப்பை ஆயுதமாக்கியது. பூரான் காலை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு இருக்கும் எல்லாப் பூரான் வகைகளுக்கும் இந்தக் கொடுக்கு இருப்பதால், அவற்றின் பொது மூதாதைக்கும் இருந்திருக்க வேண்டும். பூரான்களின் புதைபடிவங்கள் 40 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் போகின்றன.

விஷம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சீனத்துச் செந்தலைப் பூரானை வைத்து 2018-இல் விளக்கினார்கள். அதுவும் இதே பேரினம். தன்னைப்போல் 15 மடங்கு எடையுள்ள எலியை அது அரை நிமிடத்தில் சாய்த்துவிடுகிறது. விஷத்திலுள்ள ஒரு சிறு புரதம் செல்களின் பொட்டாசியம் வாயில்களை அடைப்பதால் இதயம், மூச்சு, தசை எல்லாம் ஒரே சமயத்தில் தடுமாறுகின்றன. பெரும்பூரான் கொட்டினால் பெரியவர்களுக்குக் கடும் வலி, வீக்கம், சில சமயம் காய்ச்சல். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இருக்காது. ஆனால் குழந்தைகள் விஷயம் வேறு. வெனிசுவேலாவில் 2014-இல் ஒரு குழந்தை இறந்திருக்கிறது.

கொடுக்கை விலக்கினால் உண்மையான வாயுறுப்புகள் தெரியும். ஒரு ஜோடி வெட்டுத்தாடை, அதன் கீழே இரண்டு ஜோடித் துணைத்தாடைகள். இவையும் காலின் வழிவந்தவையே. கடைசி ஜோடி இன்னும் கால் சாயலை விடவில்லை. உணர்கொம்பையும் கால்களையும் ஒவ்வொன்றாக இழுத்துத் துடைத்துச் சுத்தம் செய்வதற்குப் பூரான் இதைத்தான் பயன்படுத்துகிறது. கண்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துக்கு நான்கு சிறு புள்ளிகள். வெளிச்சமா இருட்டா என்று பார்க்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இரையைக் கண்டுபிடிப்பதெல்லாம் உணர்கொம்புகள்தான். தொடுவதும் அவைதான், மணம் பிடிப்பதும் அவைதான்.

தலைக்குப் பின்னால் கால் தாங்கும் கண்டங்கள் 21. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஜோடிக் கால். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இதுவே சுலபமான வழி. கண்டங்கள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒவ்வொன்றிலும் தனக்கென்று தசை, தனக்கென்று ஒரு நரம்பு முடிச்சு. முதுகுப்பக்கம் தலையிலிருந்து வால்வரை நீண்டு ஓடும் குழாய்தான் இதயம். வயிற்றுப்பக்கம் நரம்புவடம். நடுவில் ஏறக்குறைய நேர்க்குழாயாகக் குடல். உடல் தட்டையாக இருப்பதால் விரல் நுழையாத பாறை இடுக்கிலும் புகுந்துவிடும்.

இத்தனை கால்களும் ஒன்றோடொன்று சிக்காமல் எப்படி நடக்கின்றன? கால்களின் அசைவு ஓர் அலையாக உடல் நெடுக ஓடுகிறது. வேகம் கூடும்போது உடலே பாம்பைப் போல இடமும் வலமுமாக நெளியத் தொடங்கும். கணுக்காலிகளின் நடையை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் பிரிட்டன் விலங்கியலாளர் சிட்னி மான்டன். இந்த நெளிவு வேண்டாத விளைவு என்றும், பூரானின் தசைகள் அதைத் தடுக்கவே பாடுபடுகின்றன என்றும் அவர் கருதினார். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. 1995-இல் அமெரிக்கப் பூரான் ஒன்றின் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தபோது கதை தலைகீழானது. தசைகள் நெளிவைத் தடுக்கவில்லை, வேண்டுமென்றே உண்டாக்கின. நெளிந்தால் ஒவ்வோர் அடியும் கூடுதலாக எட்டும்.

நீரில் விழுந்தால் அதே நெளிவு நீச்சலாகிறது. ஜப்பான் ஆய்வாளர்கள் செந்தலைப் பூரானை நிலத்திலிருந்து நீருக்குள் இறங்கவிட்டு 2019-இல் எழுதியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் போன முன்பகுதி கால்களை உடலோடு ஒட்டி மடித்துக்கொண்டு நீந்துகிறது. இன்னும் கரையில் இருக்கும் பின்பகுதி அதே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. மூளையின் கட்டளையோடு அந்தந்தக் கண்டமும் தன் காலில் படுவதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பது அவர்கள் கண்டது.

மூச்சு விஷயத்தில் பூரான் அவ்வளவு கெட்டிக்காரன் அல்ல. இதற்கு நுரையீரல் கிடையாது. உடலின் பக்கவாட்டில் ஒன்பது ஜோடி மூச்சுத்துளைகள் இருக்கின்றன. அங்கிருந்து கிளைவிடும் குழாய்கள் காற்றை நேராகத் தசைகளுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். முதுகு ஓடுகளை உற்றுப் பார்த்தால் பெரிதும் சிறிதுமாக மாறிமாறி வருவது தெரியும். மூச்சுத்துளை இருப்பது பெரிய ஓடுள்ள கண்டங்களில்தான். ஏழாவதும் எட்டாவதும் அடுத்தடுத்துப் பெரியவை, ஆனால் துளை எட்டில் மட்டும். பூச்சிகளைப் போல இந்தத் துளைகளை இறுக மூடிக்கொள்ளத் தெரியாது. நீரைத் தடுக்கும் மெழுகுப் பூச்சும் ஓட்டின்மேல் போதுமானதாக இல்லை. உடம்பின் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். பகலில் கல்லுக்கு அடியிலும் குகையிலும் கிடந்து இரவில் வெளியே வருவதற்குக் காரணம் கூச்சமல்ல, தாகம். கடைசிக் கால்கள் முளைக்கும் இடத்தில் நுண்ணிய துளைகள் கூட்டமாக இருக்கின்றன. அவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள உதவுவதாகக் கருதுகிறார்கள்.

அந்தக் கடைசி ஜோடி, அதாவது 21-ஆவது ஜோடி, நடப்பதற்கு இல்லை. மற்றவற்றைவிடத் தடித்து, நீண்டு, அடிக்கணுவில் முட்களோடு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சீண்டினால் அதைத் தூக்கிக் காட்டும். எது தலை எது வால் என்று எதிரி ஒரு நொடி குழம்பினாலே போதும். எதையாவது பற்றிப் பிடிக்கவும் பயன்படும். பின்கால்களின் பிடி எவ்வளவு உறுதியானது என்பதற்கு வெனிசுவேலாவின் பராகுவானா தீபகற்பத்தில் உள்ள குவானோ குகை சாட்சி. பெரும்பூரான்கள் அந்தக் குகையின் கூரைவரை ஏறி வௌவால்களைப் பிடித்துத் தின்பதை 2005-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். பின்கால்கள் பாறையைப் பற்றியிருக்க, முன்கால்கள் வௌவாலை அணைத்திருக்க, தலை அதைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று இன வௌவால்கள் இப்படி இரையாயின. முதுகெலும்புள்ள பறக்கும் விலங்கை, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கண்ணால் பார்க்காமலே பிடித்துத் தின்னும் உடல் வேறு எத்தனை இருக்கும்?

இந்த 21 ஜோடியும் பிறவியிலேயே வருபவை. தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, பூஞ்சை பிடிக்காமல் நக்கிச் சுத்தம் செய்து காக்கும். குஞ்சு வெளிவரும்போதே கால் கணக்கு முடிந்திருக்கும். பிறகு சட்டை உரித்து உரித்துப் பெரிதாகுமே தவிர ஒரு ஜோடிகூடக் கூடாது. நீளக் கால்களோடு சுவரில் பாயும் வீட்டுப்பூரான் அப்படியில்லை. அது நான்கு ஜோடியோடு பிறந்து, சட்டை உரிக்கும்போதெல்லாம் சேர்த்து, 15-இல் நிற்கும்.

15, 21, 23 என்று எந்த வகையை எடுத்தாலும் வளர்ந்த பூரானின் கால் ஜோடிகள் ஒற்றைப்படைதான். மண்ணுக்குள் வாழும் நூல் போன்ற வகைகளில் 191 வரை போகிறது, அதுவும் ஒற்றைப்படை. பிரிட்டன் கடற்கரைப் பூரான் ஒன்றின் கருவை ஆராய்ந்தவர்கள் 2004-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். கண்டங்கள் ஒவ்வொன்றாக அல்ல, இரண்டிரண்டாக வரையறுக்கப்படுகின்றனவாம். இரண்டிரண்டாகவே கூட்டிக்கொண்டு போனால் ஒற்றைப்படையில் தொடங்கியது ஒற்றைப்படையிலேயே முடியும். பெரும்பூரானின் தொலைதூர உறவு ஒன்று பிரேசிலில் இருக்கிறது, 2008-இல் விவரிக்கப்பட்டது. அதன் நெருங்கிய சொந்தத்துக்கு 21 அல்லது 23 ஜோடிக் கால்கள். இதற்கோ 39 அல்லது 43. நடுவில் உள்ள எண்ணிக்கையோடு அந்த வரிசையில் ஒரு பூரான்கூட இதுவரை அகப்படவில்லை.