பதினொரு மன்றங்கள், ஒரே கணக்கு

இங்கிலாந்தில் வீடு கட்டி விற்கும் நிறுவனம் அனுமதி கேட்டு வந்தால், உள்ளூர் மன்றம் அதனிடம் ஒரு தொகையைச் சட்டப்படியே வாங்கலாம். நூறு வீடு எழும்பினால் அங்கே குடிவருகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும், சாலை அகலமாக வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கைக் கட்டுகிறவரும் ஏற்கட்டும் என்பதே இதன் அடிப்படை. 1990-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தில் 106-ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி ஒப்பந்தம் போடலாம். 2010 முதல் சமூக உள்கட்டமைப்புத் தீர்வையும் உண்டு. அதை விதிக்க விரும்பும் மன்றம் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்துவிடும்.

பணத்தை வாங்குவது ஒரு மன்றம்தான். ஆனால் புது வீடுகளின் சுமை அந்த மன்றத்தின் எல்லையோடு நிற்பதில்லை. அப்போது என்ன செய்வது என்பதற்கு லண்டனின் தென்மேற்கே ஒரு நல்ல விடை கிடைக்கிறது.

சரே, பெர்க்‌ஷயர், ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் புதர்நிலங்களுக்குத் தேம்ஸ் வடிநில ஹீத்துகள் என்று பெயர். பக்கியும் காட்டு வானம்பாடியும் அங்கே தரையில் கூடு கட்டுகின்றன. டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி தாழ்ந்த முட்புதரில் கட்டுகிறது. அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று பக்கத்தில் ஓடினாலே தாய்ப்பறவை முட்டைகளை விட்டுப் பறந்துவிடும். 2005-இல் இந்த நிலங்கள் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி ஆயின. புதிதாகக் குடிவருகிறவர்களும் நாயோடு அங்கே நடக்கப் போவார்கள் என்பதால், சுற்றிலும் வீடு கட்ட அனுமதி கொடுப்பது சிக்கலாயிற்று. ஒரு மன்றம் தன் எல்லைக்குள் மட்டும் ஏற்பாடு செய்து பயனில்லை, ஏனென்றால் நாயோடு நடக்கப் போகிறவர் எந்த மன்றத்தின் நிலம் என்று பார்த்து நடப்பதில்லை.

கில்ட்ஃபர்ட், வோக்கிங், ஹார்ட், ரஷ்மோர், பிராக்னல் ஃபாரஸ்ட் உள்ளிட்ட 11 மன்றங்கள் கூடி, 2009-இல் ஒரு பொதுச் செயல்திட்டத்துக்கு வந்தன. பாதுகாப்புப் பகுதியிலிருந்து 400 மீட்டருக்குள் புது வீடே கூடாது. அதைத் தாண்டி, பகுதியிலிருந்து 5 கிலோமீட்டர் வரை கட்டலாம், ஆனால் இரண்டு காரியங்களுக்குப் பணம் தர வேண்டும்.

முதலாவது, ஹீத்துக்குப் பதிலாக மக்கள் விரும்பிப் போகும்படியான மாற்றுப் பசுமைவெளி. ஆயிரம் பேருக்குக் குறைந்தது 8 ஹெக்டேர். அதற்குள் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் சுற்றிவரும் நடைபாதை. நாயை அச்சமின்றி அவிழ்த்துவிட இடம். கட்டடங்கள் நெருங்கிய ரஷ்மோரில் இதற்கெல்லாம் நிலம் போதாது. அதனால் பக்கத்து ஹார்ட் மன்றத்தின் பிராம்ஷாட் பண்ணைப் பூங்காவில் தனக்கென ஒரு பங்கைப் பெற்றிருக்கிறது. வீடு ஒரு மன்றத்தில், அதற்கான பூங்கா இன்னொரு மன்றத்தில்.

இரண்டாவது, ஹீத்துகளைக் கவனிக்கும் செலவு. ஒவ்வொரு மன்றமும் புது வீடுகளுக்காக வாங்கும் தொகை ஒரே கணக்குக்குப் போகிறது. வரவு செலவை ஹாம்ப்ஷயர் மாவட்ட மன்றம் பார்த்துக்கொள்கிறது. வேலையை நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. காவலர்கள் எல்லா ஹீத்துகளிலும் நடந்து, வருகிறவர்களிடம் கூடு கட்டும் காலம் பற்றிப் பேசுகிறார்கள். பறவைகளையும் மனிதர்களையும் எண்ணும் கணக்கெடுப்பும் நடக்கிறது. கட்டணம் எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் இருப்பதால், 'எங்கள் ஊரில் மலிவு, இங்கே வாருங்கள்' என்று ஒரு மன்றம் இன்னொன்றின் காலை வாரிவிட முடியாது. இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நடுவில் ஒரு சட்டத் தடையும் வந்தது. 106-ஆவது பிரிவில் ஐந்து ஒப்பந்தங்களுக்கு மேற்பட்ட பணத்தை ஒரே உள்கட்டமைப்புக்குச் சேர்க்கக்கூடாது என்ற விதி 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் இருந்தது. காவலர் பணி உள்கட்டமைப்பாகக் கருதப்படாததால் பொதுக் கணக்கு தப்பியது. பூங்காக்களுக்கான பணத்தைச் சில மன்றங்கள் தீர்வையின் வழியே திரட்டிக்கொண்டன.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நிறுவனம் பணம் கட்டுவது ஒரே தடவை. வீட்டில் ஆள் குடியிருப்பதோ தலைமுறை தலைமுறையாக. ஆகவே பொதுக் கணக்கில் வரும் தொகையின் ஒரு பகுதியை உடனே செலவழிக்காமல் வைப்புநிதியாக முதலீடு செய்கிறார்கள். புதிய வீடுகள் கட்டி முடிந்து வரவு நின்றுபோன பிறகும் காவலர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். அது அந்த நிதியின் வருமானத்திலிருந்து வரும்.