பீரோ மேல வச்சா எட்டாதா? துப்பாக்கி இருக்கும் வீட்டில் குழந்தை இருந்தால் உஷார்!

துப்பாக்கி என்றதும் போலீஸ், மிலிட்டரி, சினிமா வில்லன் என்றுதான் நினைப்பு ஓடும். "நம்ம தெருவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் அக்கம்பக்கம் பார்க்க வேண்டும்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து, பேங்க் வாசலிலும் ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டு போகும் வேனிலும் காவலுக்கு நிற்பவர்களில் பலர் சொந்த லைசென்சில் வாங்கிய துப்பாக்கியோடுதான் வேலைக்குப் போகிறார்கள். டூட்டி முடிந்தால் பல நேரம் துப்பாக்கியும் கூடவே வீட்டுக்கு வருகிறது.

மலையடிவார ஊர்களில் தோட்டக் காவலுக்கு லைசென்சு வாங்கி துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி பரணில் தூசி படிந்து கிடக்கும் வீடுகளும் உண்டு. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை பக்கம் லைசென்சே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைப் போலீசார் அடிக்கடி பிடிக்கிறார்கள்.

இந்த வீடுகளில் எல்லாம் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன. "பிள்ளைக்கு எட்டாத இடத்துலதான் வச்சிருக்கோம்" என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் பதில். அங்கேதான் வருகிறது வினை. ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு!

பொம்மைன்னு நினைச்சுக்கும்!

நம்ம ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கே தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து விடுகிறோம். அது அப்பாவையும் சுடும், ஆயாவையும் சுடும். "ஐயோ செத்தேன்" என்று எல்லோரும் நடித்துக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளை கையில் நிஜத் துப்பாக்கி கிடைத்தால் என்ன செய்யும்? அதையேதான் செய்யும்.

இதை அமெரிக்க டாக்டர்கள் சோதித்தே பார்த்து விட்டார்கள். 2001-ம் ஆண்டு வெளியான ஆய்வு அது. 8 வயது முதல் 12 வயது வரை உள்ள 64 சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஒரு அறையில் விளையாட விட்டார்கள். மேஜை டிராயரில் நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்தார்கள். குண்டு இல்லை, வெடிக்கவும் வெடிக்காது. மறைவில் இருந்து கவனித்தார்கள்.

48 சிறுவர்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்து விட்டார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தே விட்டார்கள்! கண்டுபிடித்தவர்களில் சுமார் பாதிப் பேர் அதை பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா பொம்மையா என்று தெரியாமல் குழம்பினார்கள்.

இதில் தூக்கிவாரிப் போடும் விஷயம் இன்னொன்று. துப்பாக்கியை எடுத்த சிறுவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், "துப்பாக்கியைத் தொடக்கூடாது, ஆபத்து" என்பது போன்ற பாதுகாப்புப் பாடத்தை ஏற்கனவே கேட்டவர்கள். சொன்னது காதில் இருந்தது. கை கேட்கவில்லை.

"எங்க இருக்குன்னே தெரியாதுங்க!"

இது இரண்டாவது நம்பிக்கை. இதுவும் பொய்த்துப் போனது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கிராமப் பகுதியில் துப்பாக்கி வைத்திருக்கும் வீட்டுப் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாக விசாரித்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. "பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்கும் இடம் தெரியாது" என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், "எனக்குத் தெரியுமே" என்று சொல்லி விட்டார்கள். "என் பிள்ளை தொட்டதே இல்லை" என்று சொன்ன பெற்றோரிலும் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், "தொட்டிருக்கேன்" என்றார்கள்.

நம்ம வீட்டுக்கு மட்டும் இது பொருந்தாதா என்ன? பீரோ சாவி எங்கே தொங்குகிறது, முறுக்கு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது, அப்பா செல்போனுக்கு லாக் என்ன என்பதெல்லாம் வீட்டில் யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, கடைக்குட்டிக்குத் தெரியும். ஸ்டூல் போட்டு ஏறுவதும் அதற்குத் தெரியும்.

சின்ன விரலுக்கு அவ்வளவு பலமா?

"விசை கெட்டியா இருக்கும், பிஞ்சு விரலால இழுக்க முடியாது" என்று சொல்பவர்களும் உண்டு. 1995-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் குழந்தைகளின் விரல் பலத்தை அளந்து பார்த்தார்கள். இரண்டு விரலால் இழுத்தால் சுமார் நாலரை கிலோ எடைக்குச் சமமான பலம் 3, 4 வயதுப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேருக்கு இருந்தது. 5, 6 வயதில் 70 சதவீதம் பேருக்கு. 7, 8 வயதில் 90 சதவீதம் பேருக்கு. பெரும்பாலான கைத்துப்பாக்கிகளை வெடிக்க வைக்க அந்தப் பலமே போதும். எல்.கே.ஜி. போகும் பிள்ளையைக் கூட லேசாக எடைபோட முடியாது!

அமெரிக்கா படும் பாடு

இத்தனை ஆய்வும் அமெரிக்காவிலேயே நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே கடையில் துப்பாக்கி வாங்குவது சுலபம். 2020-ம் ஆண்டு, 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாக வாகன விபத்தைத் தள்ளிவிட்டு துப்பாக்கி வந்து நின்றது. 2021-ல் எடுத்த ஒரு கணக்குப்படி, குண்டு போட்டுப் பூட்டாமல் வைத்திருக்கும் துப்பாக்கி உள்ள வீடுகளில் வளரும் பிள்ளைகள் மட்டும் சுமார் 46 லட்சம்.

2023 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத்தில் 6 வயது சிறுவன் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கி கொண்டு வந்து வகுப்பு டீச்சரையே சுட்டான். டீச்சர் படுகாயத்தோடு பிழைத்தார். அது அவன் தாய் முறைப்படி வாங்கிய துப்பாக்கி. சிறுவன் மீது வழக்கு இல்லை. தாய்க்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

குழந்தை கைக்கு எட்டும்படி துப்பாக்கி வைத்தால் பெரியவருக்குத் தண்டனை என்ற சட்டத்தை முதலில் கொண்டு வந்தது புளோரிடா மாநிலம், 1989-ல். அதன்பின் பல மாநிலங்கள் அந்த வழிக்கு வந்தன.

அப்போ என்னதான் செய்யணும்?

விஷயம் ரொம்ப சிம்பிள். அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் வீட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்கிறது. இருந்தே தீர வேண்டும் என்றால் மூன்று காரியம் செய்யச் சொல்கிறது. காலி செய், பூட்டு, தோட்டாவைத் தனியாகப் பூட்டு. இதில் ஒவ்வொன்றுமே தனித்தனியாகப் பலன் தருகிறது, ஆபத்தைக் குறைக்கிறது என்று 2005-ல் வந்த ஆய்வும் சொல்கிறது. அதை நம்ம வீட்டுக்கு ஏற்றபடி பார்ப்போம்.

1. வீட்டு வாசல்படி ஏறும் முன்பே தோட்டாவை எடுத்து விடுங்கள். இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் மடக்கித் திறந்து இரண்டு குழலையும் கண்ணால் பாருங்கள். "எடுத்துட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்பது கூடாது.

2. காக்கிப் பேண்ட் பாக்கெட்டில் தோட்டாவை மறந்து விட்டு, பேண்டை ஆணியில் மாட்டி விடுவது சகஜம். பாக்கெட்டில் சில்லறை தேடும் பிள்ளை கையில் அதுதான் சிக்கும். தினமும் எண்ணி வையுங்கள்.

3. துப்பாக்கியை இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பீரோ மேலே, கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்பதெல்லாம் பாதுகாப்பு இல்லை.

4. மடக்கும் துப்பாக்கி என்றால் திறந்தபடி வைத்து, சைக்கிளுக்குப் போடும் கம்பிப் பூட்டை குழல் வழியாக நுழைத்துப் பூட்டலாம். துப்பாக்கி மூடாது, தோட்டாவும் போட முடியாது. செலவும் அதிகமில்லை.

5. தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு, தனி இடம். இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் ஒரு சாவி போதுமே!

6. சாவி லைசென்சுதாரர் இடுப்பில் இருக்கட்டும். தலையணை அடியிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், பிரிட்ஜ் மேலும் வைத்தால் பூட்டியும் பூட்டாத கதைதான்.

நாட்டுத் துப்பாக்கி இன்னும் மோசம்

குழல் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டு இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கியில் இன்னொரு சிக்கல். நிரம்பி இருக்கிறதா, காலியா என்று பார்த்தால் தெரியாது. கெட்டித்ததைத் திரும்ப வெளியே எடுப்பதும் லேசான வேலை இல்லை. ராத்திரி பன்றி வரும் என்று கெட்டித்து வைத்தது, பன்றி வராவிட்டால் அப்படியே சுவரில் தொங்கும். மறுநாள் காலையில் பெரியவர்கள் காட்டுக்குப் போய் விடுவார்கள். வீட்டில் இருப்பது பிள்ளைகள் மட்டும். போதாக்குறைக்கு கருமருந்து டப்பா அடுப்பங்கரை மாடத்தில் இருக்கும்!

லைசென்சு இல்லாத துப்பாக்கியை எங்கே பத்திரமாக வைப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. ஒப்படைப்பதுதான் ஒரே வழி. தாங்களாகக் கொண்டு வந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று மலை மாவட்டப் போலீசார் அவ்வப்போது அறிவிப்பு செய்கிறார்கள். அந்தச் சமயத்தை விடக்கூடாது.

சட்டம் என்ன சொல்லுது?

துப்பாக்கி லைசென்சு வாங்க 21 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரும், கமிஷனர் உள்ள நகரங்களில் போலீஸ் கமிஷனரும் கொடுக்கிறார்கள். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று லைசென்சு கேட்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். லைசென்சு நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம், இல்லை இரண்டும்.

லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால்? 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில் என்று ஆக்கி விட்டார்கள்.

அஜாக்கிரதையால் உயிர் போனால், பழைய சட்டத்தில் 304-ஏ பிரிவுப்படி 2 ஆண்டு வரை தண்டனை இருந்தது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-வது பிரிவு அதை 5 ஆண்டு வரை உயர்த்தி விட்டது. பெற்ற பிள்ளையையும் பறிகொடுத்து விட்டு கோர்ட்டுக்கும் அலைய வேண்டிய நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

லைசென்சு வைத்திருந்த தாத்தா இறந்து விட்டால் துப்பாக்கி தானாகப் பேரனுக்கு வந்து விடாது. போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு வேண்டும் என்றால் தன் பெயரில் புது லைசென்சு கேட்க வேண்டும். "ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று பரணில் போட்டு வைப்பது குற்றம்.

தேர்தல் வந்தால் லைசென்சு துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டு போய் வைப்பது எல்லோருக்கும் பழக்கம்தான். வீட்டில் கைக்குழந்தை தவழ ஆரம்பித்து விட்டது, பூட்டி வைக்க வசதி இல்லை என்றாலும் இதே போல ஒப்படைக்க முடியுமா என்று ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள். அதில் கவுரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது...

கோடை லீவு விட்டால் பட்டணத்துப் பிள்ளைகள் எல்லாம் தாத்தா பாட்டி வீட்டுக்குக் கிளம்பி விடும். அந்த வீட்டில் வருஷம் முழுக்கக் குழந்தைகளே இல்லாததால், துப்பாக்கி கதவுக்குப் பின்னால் சாத்தி இருக்கும். "அப்பா, துப்பாக்கியை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களா?" என்று போனிலேயே கேட்டு விடுவது நல்லது. பெரியவர் கோபித்துக் கொண்டாலும் பரவாயில்லை.

குருவி சுடும் ஏர் கன் விஷயத்திலும் அலட்சியம் வேண்டாம். சக்தி குறைந்ததற்கு லைசென்சு கேட்பதில்லை என்பதால் அது பொம்மை ஆகி விடாது. அந்தச் சின்ன ரவை பட்டால் கண்ணே போய் விடும்.

வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை. மார்க் குறைந்தது, அப்பா திட்டினார் என்று ஒரு நிமிஷம் மனசு உடையும் பிள்ளைக்கு அந்த நிமிஷத்தில் துப்பாக்கி கிடைக்கக் கூடாது. அந்த நிமிஷத்தைக் கடத்தி விட்டால் பிள்ளை பிழைத்துக் கொள்ளும். பேச ஆள் வேண்டும் என்றால் 104-க்கு போன் செய்யலாம்.

கையில எடுத்துட்டா?

பிள்ளை கையில் துப்பாக்கியைப் பார்த்து விட்டால் கத்திக் கொண்டு பாயாதீர்கள். பயத்தில் விரல் இறுகும். குழல் நீட்டி இருக்கும் பக்கத்தில் நிற்காமல், சாதாரணக் குரலில், "கண்ணு, அதைக் கீழ வச்சுட்டு இங்க வா" என்று கூப்பிடுங்கள். திட்டுவது, அடிப்பது எல்லாம் பிறகு. காயம் பட்டு விட்டால் சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் இடத்தில் அழுத்திப் பிடித்தபடி 108-ஐக் கூப்பிடுங்கள். குண்டை நோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள்.

"பார்த்தா தொடாதே, தள்ளிப் போ, வந்து சொல்லு" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதை நம்பி பூட்டாமல் விடக்கூடாது. பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தி. பூட்டு போட வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இன்று ராத்திரி சாப்பிட உட்காரும் முன்பு ஒரு தரம் எழுந்து போய், பூட்டி இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்து விடுங்கள்.