இயந்திரத்தின் வலுவும் வலுவீச்சும்

ஓர் இயந்திரத்தின் தரத்தை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம் என்பது பலரிடையே நிலவும் எண்ணம். இந்தக் கார் 150 பரிவலு கொண்டது, அந்த லொறி 180 பரிவலு கொண்டது என்று சொன்ன மாத்திரத்தே, எண் பெரிதாக இருப்பதே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஆயினும் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையிலோ, அம்பேவெலவைக் கடந்து பட்டிப்பொலைக்குச் செல்லும் பாதையிலோ வண்டி செலுத்திப் பழகிய சாரதி ஒருவர் இதனை எளிதில் ஏற்கமாட்டார். சமதரையில் பறந்து செல்லும் கார் கொண்டை ஊசி வளைவில் மூச்சுத் திணறி நிற்பதையும், எண்ணளவில் சிறிய இயந்திரம் பூண்ட வண்டி அதே வளைவில் அமைதியாக ஏறிச் செல்வதையும் அவர் பலமுறை கண்டிருப்பார். இதன் காரணத்தை விளக்குவதே வலுவீச்சு என்னும் கருத்து.

முன்னர் பொறியியல் மாணவரும் பட்டறைத் தொழிலாளரும் மாத்திரமே அறிந்திருந்த இக்கருத்து இன்று வீடுகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. கணினித் திரையில் ஆடும் மோட்டாரோட்ட விளையாட்டுக்களே அதற்குக் காரணம். 1997ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த கிரான் டூரிஸ்மோவும் அதன் வழிவந்த பிற விளையாட்டுக்களும் மெய்யான கார்களின் இயல்புகளைக் கணக்கிட்டுத் திரையில் ஓட வைக்கின்றன. இத்தகைய விளையாட்டுக்கள் பலவற்றில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு வரைபடம் காட்டப்படுகிறது. அதில் இரண்டு கோடுகள் மலை முகடுகளைப் போல் ஏறி இறங்குகின்றன. ஒன்று முறுக்கம், மற்றையது வலு. இவ்விரு கோடுகளையும் படிக்கத் தெரிந்தவரே தமக்கேற்ற காரைத் தெரிந்தெடுக்க வல்லவர்.

முறுக்கம் என்பது யாது? வீட்டிலே மாவரைக்கும் திரிகையை எடுத்துக்கொள்வோம். அதன் பிடியைக் கை எவ்வளவு பலமாகத் தள்ளிச் சுழற்றுகிறது என்பது முறுக்கம். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திரிகை சுழல்கிறது என்பது சுற்று வேகம். இரண்டையும் பெருக்கி வருவதே வலு. பலமாகத் தள்ளி மெதுவாகச் சுழற்றுபவரும், இலேசாகத் தள்ளி விரைவாகச் சுழற்றுபவரும் முடிவில் ஒரே அளவு மாவை அரைத்துவிடக்கூடும்.

இயந்திரத்திலும் இதே கணக்குத்தான். முறுக்கத்தை நியூட்டன் மீற்றரில் அளந்து, நிமிடச் சுற்றுக்களால் பெருக்கி, ஏறத்தாழ 7,000ஆல் வகுத்தால் பரிவலு கிடைக்கும். 200 நியூட்டன் மீற்றர் முறுக்கத்தை 2,000 சுற்றில் தரும் டீசல் இயந்திரம் அந்த வேகத்தில் ஏறக்குறைய 57 பரிவலுவைத் தருகிறது. அதிற் பாதி முறுக்கமே உடைய சிறிய பெற்றோல் இயந்திரம் 6,000 சுற்றில் சுழன்றால் ஏறக்குறைய 86 பரிவலுவைத் தந்துவிடும். தள்ளும் பலம் குறைந்தாலும் சுழலும் வேகம் அதனை ஈடு செய்கிறது.

ஆனால் எந்த இயந்திரமும் எல்லா வேகத்திலும் ஒரே முறுக்கத்தைத் தருவதில்லை. எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உருளைக்குள் எவ்வளவு காற்று நிறைகிறது என்பதே முறுக்கத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மிக மெதுவாகச் சுழலும்போது காற்றோட்டத்துக்கு உந்தம் போதாது. உருளைக்குள் வந்த காற்றில் ஒரு பகுதி வால்வு மூடுமுன் திரும்பி வெளியேறிவிடவும் கூடும். மிக விரைவாகச் சுழலும்போதோ, வால்வு திறந்திருக்கும் கணப்பொழுதில் உருளை நிறைவதற்கு நேரம் போதாது, உராய்வும் மிகுந்துவிடுகிறது. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே இயந்திரம் நன்றாக மூச்சு வாங்கும் பகுதி ஒன்று உண்டு. அப்பகுதியே அதன் வலுவீச்சு. வால்வுகளின் அமைப்பையும் குழாய்களின் நீளத்தையும் மாற்றி அப்பகுதியை மேலேயோ கீழேயோ நகர்த்தலாம். ஆனால் ஓரிடத்தில் பெற்றதற்கு மற்றோரிடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

விளையாட்டிலும் மெய்யான ஓட்டத்திலும் புகழ்பெற்ற இரண்டு ஜப்பானியக் கார்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும். இரண்டும் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தவை. இரண்டிலும் இரண்டு லீற்றர் கொள்ளளவுள்ள நான்கு உருளை இயந்திரங்களே உள்ளன. ஜப்பானில் விற்கப்பட்ட ஹொண்டா எஸ் 2000 என்னும் கார் 8,300 சுற்றில் 250 பரிவலுவைத் தந்தது. அதன் உச்ச முறுக்கம் 7,500 சுற்றில் 218 நியூட்டன் மீற்றர். மிற்சுபிசி லான்சர் எவலூஷன் காரின் ஆறாம் பதிப்போ 6,500 சுற்றில் 280 பரிவலுவைத் தந்தது. அதன் உச்ச முறுக்கம் வெறும் 3,000 சுற்றிலேயே 373 நியூட்டன் மீற்றரை எட்டியது. வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ என்னும் கருவி அதில் இருந்ததே இதற்குக் காரணம்.

உச்ச வலுவை மாத்திரம் நோக்கினால் இரண்டுக்கும் இடையே 30 பரிவலுவே வேறுபாடு. எடையிலோ ஹொண்டாவே இலேசானது. ஆனால் 3,000 சுற்றில் இரண்டையும் நிறுத்தி அளந்தால் கதை வேறாகிவிடுகிறது. மிற்சுபிசி அவ்வேகத்தில் ஏறக்குறைய 160 பரிவலுவைத் தருகிறது. ஹொண்டாவின் முறுக்கம் எந்த வேகத்திலும் 218ஐத் தாண்டுவதில்லை. ஆதலின் 3,000 சுற்றில் அது 93 பரிவலுவுக்கு மேல் தரவே இயலாது. அங்கே இடைவெளி 30 அன்று, 60க்கும் மேல்.

அப்படியாயின் ஹொண்டா தாழ்ந்ததா? அன்று. அதன் வலு மேல்மாடியில் வைக்கப்பட்டிருக்கிறது; அங்கே ஏறிச் செல்லும் படிக்கட்டே கியர். உயர்ந்த சுற்று வேகத்தில் ஓடக்கூடிய இயந்திரத்துக்குத் தாழ்ந்த கியர்களை அமைத்துச் சக்கரத்தில் முறுக்கத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆறு கியர்களையும் நெருக்கமாக அடுக்கிவிட்டால், ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது சுற்று வேகம் அதிகம் வீழாது. 8,400 சுற்றில் கியரை மாற்றும்போது அது 6,000க்கு இறங்கினாலும் இயந்திரம் ஓரளவு தன் வீச்சுக்குள் நிற்கும். வண்டி எவ்வளவு விரைவாக முன்னேறும் என்பதைத் தீர்மானிப்பது உச்சியிலுள்ள ஒரு புள்ளி அன்று. ஒரு கியர் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இயந்திரம் தந்த வலுவின் சராசரியே. விளையாட்டில் தோற்கும் இளைஞர் பலர் காணத் தவறுவது இந்த உண்மையைத்தான்.

நுவரெலியாவில் ஏப்ரல் மாத வசந்த காலத்தோடு இணைந்த மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியும், நானுஓயாவை அடுத்த ரதெல்ல மலையேற்றப் போட்டியும் மோட்டார் விளையாட்டு அன்பர்கள் நன்கறிந்தவை. இத்தகைய பாதைகளில் நேரான பகுதி குறைவு, வளைவுகள் மிகுதி. ஒவ்வொரு வளைவிலும் வேகம் தணிந்து, மறுகணமே ஏற்றத்தில் பாய வேண்டும். ஆகவே ஒடுங்கிய உயர்ந்த முகட்டைக் காட்டிலும் அகன்ற மேட்டுநிலம் போன்ற வலுவீச்சே இங்கு பயன் தரும். இல்லையெனில் சாரதி ஒவ்வொரு வளைவிலும் கியரோடு போராடவேண்டி வரும்.

உயரமான இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர், அதாவது ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம் அதுவே. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இயந்திரம் கொழும்பில் 100 பரிவலுவைத் தந்தால், பட்டிப்பொலையில் அது ஏறக்குறைய 83 ஆகச் சுருங்கிவிடும். மலைநாட்டுக் குளிர் அடர்த்தியைச் சிறிது கூட்டி இழப்பில் ஒரு பங்கை ஈடு செய்யும். டர்போ பூண்ட இயந்திரமோ மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்த்துக்கொள்கிறது.

இந்த மலையை ஏறுவதற்குப் புகையிரதம் கண்ட வழிகள் இன்னும் சுவையானவை. மலைநாட்டுப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. 44 அடி சென்றால் ஓர் அடி உயரும் ஏற்றங்கள் அதில் உண்டு. 200 தொன் எடையுள்ள வண்டித் தொடரை அத்தகைய ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுசெல்ல, புவியின் இழுவையை வெல்வதற்கு மாத்திரமே 330க்கு மேற்பட்ட பரிவலு வேண்டும். உராய்வுக்கும் வளைவுகளுக்கும் வேறு தனியே கொடுக்க வேண்டும்.

நீராவி இயந்திரத்துக்குக் கியர் தேவைப்படவில்லை. சக்கரம் சுழலாது நிற்கும்போதே கொதிகலனின் அழுத்தம் முழு விசையோடு பிஸ்டனைத் தள்ள வல்லது. டீசல் இயந்திரத்துக்கோ அந்த வரம் இல்லை. நின்ற நிலையில் அதற்கு முறுக்கமே கிடையாது. ஆகவே கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து 1954ஆம் ஆண்டு முதல் வந்த எம் 2 வகை எஞ்சின்களில் வேறோர் உபாயம் கையாளப்பட்டிருந்தது. அவற்றின் பன்னிரண்டு உருளை டீசல் இயந்திரம் 1,425 பரிவலு கொண்டது. அது சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை, மின்சாரத்தைப் பிறப்பிக்கும். அம்மின்சாரம் அச்சுக்களிலுள்ள மோட்டர்களைச் சுழற்றும். மின் மோட்டர் நின்ற நிலையிலேயே மிகுந்த முறுக்கத்தைத் தருவது. ஆகவே சக்கரம் மெதுவாகச் சுழலும்போதும் டீசல் இயந்திரம் தனக்குகந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். வலுவீச்சு என்னும் தளையை மின்சாரத்தின் உதவியால் அறுத்த வழி இது. இன்றைய மின்சாரக் கார்கள் பலவும் கியர் மாற்றமே இல்லாமல் ஏற்றத்தில் பாய்வதற்கு மோட்டரின் அதே இயல்புதான் காரணம்.

ஏறுவதைப் பற்றிய இந்த அறிவு இறங்குவதற்கும் உரியது. அங்கேதான் அது உயிரைக் காக்கும் அறிவாகிறது. திரையில் கார் பள்ளத்தில் வீழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். மலைப்பாதையில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா, ரதெல்லப் பாதையில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதுண்ட விபத்தில் ஏழு உயிர்கள் மாண்டதை மலையகம் மறக்கவில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாகலாம். ஆனால் எல்லா இறக்கங்களுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. 10 தொன் எடையுள்ள லொறி ஒன்று 600 மீற்றர் உயரம் இறங்கும்போது, அறை வெப்பத்திலுள்ள 170 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சக்தி வெளிப்படுகிறது. அச்சக்தி எங்கேனும் வெப்பமாகப் போய்த் தீரவேண்டும். பிரேக்கை மாத்திரம் நம்பினால் அதன் பெரும்பகுதி பிரேக்கில் சேர்ந்து, அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் தன் பிடியை இழந்துவிடும்.

தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்கள் இயந்திரத்தை உயர்ந்த வேகத்தில் சுழற்ற நேர்கிறது. எரிபொருள் இன்றிச் சுழலும் இயந்திரம் ஒரு சுமையாகி வண்டியைப் பின்னிழுக்கிறது. டீசல் இயந்திரத்தில் இவ்விழுவை குறைவு என்பதனாலேயே பெரிய லொறிகளிலும் பஸ்களிலும் புகைக்குழாயை அடைத்து அதனைக் கூட்டும் பிரேக் பொருத்தப்படுகிறது. எந்தக் கியரில் ஏறவேண்டியிருக்குமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் கூறும் அறிவுரையின் பொருள் இதுவே.

எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி கியரை நியூட்ரலில் விட்டு இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. புதிய வகை இயந்திரங்களில் அது தவறான கணக்கு. கியரில் இறங்கும்போது அவ்வியந்திரங்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் விட்டாலோ, இயந்திரம் அணைந்துபோகாதிருக்கச் சிறிது எரிபொருளைக் குடித்துக்கொண்டேயிருக்கும். மிச்சம் ஏதும் இல்லை. இழப்பதோ வண்டியின் மீதுள்ள ஆட்சியை.

விளையாட்டுத் திரையில் அந்த இரண்டு கோடுகளையும் ஆர்வத்தோடு ஒப்பிடும் இளைஞர்களிற் பலர் நாளை மலையகத்தின் லொறிகளையும் பஸ்களையும் முச்சக்கர வண்டிகளையும் செலுத்தப் போகிறவர்கள். தம் இயந்திரம் எந்தச் சுற்றில் வலுவோடு இழுக்கும், எந்தச் சுற்றில் திணறும், எந்தக் கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பதை அவர்கள் அறிந்துகொண்டால் போதும். ஏற்றத்தில் இயந்திரம் தேயாது. இறக்கத்தில் பின்னால் அமர்ந்திருப்போர் அச்சமின்றி வீடு சேர்வர்.