கருந்துளையின் வித்து

கார்த்திகை இரவில், ஒன்பது மணியளவில், மழைமேகம் விலகியிருப்பின் சிகாமட்டின் தென்வானில் உயரத்தே 'சிற்பி' என்னும் மண்டலம் நிற்கும். மங்கிய மீன்களே அதில் உள; ஆதலின் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. எனினும் கோவையிற் பிறந்த பெண்மணி ஒருவரின் கருத்துக்கு 2023-ஆம் ஆண்டில் சான்று கிடைத்தது அத்திசையிலேதான்.

வானநூலில் பெண்டிர் பணி புதியதன்று. விண்வெளித் தொலைவை அளக்க ஒரு கோலை 1912-இல் அளித்தவர் ஹென்ரியட்டா லெவிட். விண்மீன் திரள்களில் கண்ணுக்குப் புலனாகாப் பொருள் மிக்கிருப்பதை 1970-களில் நிலைநாட்டியவருள் முதன்மையானவர் வேரா ரூபின். இவ்வரிசையில் வைக்கத் தக்கவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியை பிரியம்வதா நடராஜன்.

அவர் ஆராய்ந்த வினா யாது? கருந்துளை என்பது துளையன்று. ஒளியும் தப்பவியலாதவாறு பொருள் செறிந்த இடம். (வகுப்பில் இதனை முதலிலேயே தெளிவாக்குதல் நன்று. சொல் அவ்வளவு மயக்கம் தருகிறது!) பெரிய விண்மீன் மாயும்போது தோன்றும் கருந்துளை கதிரவனைப் போல் சில மடங்கு, அல்லது சில பத்து மடங்கு எடையுடையது. சுற்றியுள்ள வாயுவை உண்டு அது வளரும். ஆனால் வரம்பின்றி உண்ண இயலாது. உள்ளே விழும் வாயு கொதித்து ஒளிர, அவ்வொளியே பின்வரும் வாயுவைப் புறந்தள்ளும். வட்டிக்கு வட்டி சேர்வது போன்றது இவ்வளர்ச்சி. முதல் சிறிதாயின் நெடுங்காலம் வேண்டும். பேரண்டத்தின் இன்றைய வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு. அதற்கு 100 கோடி வயதுகூட நிரம்பாத காலத்திலேயே, கதிரவனைப் போல் 100 கோடி மடங்கு எடையுள்ள கருந்துளைகள் இருந்தமை தெரியவந்தது. கணக்கு ஒவ்வவில்லை.

முதலே பெரிதாயிருந்தால்? 2006-இல் ஜூசெப்பே லொடாட்டோவுடன் இணைந்து நடராஜன் காட்டிய வழி இதுவே. வாயுத்திரள் சிலவிடத்து விண்மீன்களாக உடையாமல் நேரே உட்சரிந்து, கதிரவனைப் போல் பதினாயிரக்கணக்கான மடங்கு எடையுள்ள வித்தாகலாம். அவ்வாறாயின், இளந்திரளில் நடுக்கருந்துளையின் எடை, அங்குள்ள விண்மீன்கள் அனைத்தின் எடைக்கும் நிகராக நிற்கும். இன்று நம்மருகே உள்ள திரள்களிலோ அது ஆயிரத்தில் ஒரு பங்களவே.

சிற்பி மண்டலத் திசையில், 350 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஏபெல் 2744 என்னும் திரள்தொகுதி உள்ளது. அதன் ஈர்ப்பு உருப்பெருக்கிக் கண்ணாடி போலாகி, பின்னே நெடுந்தொலைவிலுள்ள யூ.எச்.இசட்.1 என்ற திரளின் ஒளியை ஏறத்தாழ நான்கு மடங்காக்கிற்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அத்திரளைக் கண்டது. நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி அதன் எக்ஸ் கதிரைப் பிடித்தது. பேரண்டம் பிறந்து 47 கோடி ஆண்டே ஆகியிருந்தபோது புறப்பட்ட ஒளி அது! கருந்துளையின் எடை ஒரு கோடி முதல் பத்துக் கோடி கதிரவன்கள். அத்திரளின் விண்மீன்களுக்கு ஈடு.

ஒரு சாட்சியைக் கொண்டு வழக்கை முடித்துவிட இயலாது. சிறுவித்தே வரம்பு மீறி உண்டு பெருத்திருக்கலாம் என்பாரும் உளர். இத்தகைய திரள்கள் இன்னும் பல கிடைத்தால் இரு சாராரின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெப் தொலைநோக்கியின் தேடல் தொடர்கிறது.