கல்யாணச் சாவு

கல்யாணச் சாவு என்பது, மக்கள், பேரர், கொள்ளுப்பேரர் ஆகியோரைக் கண்டு நிறைந்த வயதில் இயற்கையாக இறந்த ஒருவரின் சாவைக் குறிக்கத் தமிழகத்தில் வழங்கும் சொல் ஆகும். கலியாணச் சாவு, பெரிய சாவு எனவும் இது அழைக்கப்படுவதுண்டு. இத்தகையவரின் இறுதி ஊர்வலம் மேளம், ஆட்டம், வெடி, பூ அலங்காரம் ஆகியவற்றுடன் விழாவைப் போல நடத்தப்படும். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை முதலிய ஊர்களை உள்ளடக்கிய வட தமிழகப் பகுதியில் இவ்வழக்கத்தைப் பரவலாகக் காணலாம். செஞ்சி வட்டாரத்தில் இறுதிச் சடங்கோடு தெருக்கூத்தும் இணைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

பெயரும் பொருளும்

திருமணத்திற்கும் இறுதிச் சடங்கிற்கும் பொதுவான கூறுகள் பல உள்ளன. நீராட்டுதல், புத்தாடை உடுத்துதல், சந்தனம் பூசுதல், மாலை சூட்டுதல், மேளத்துடன் ஊர்வலம் செல்லுதல், உறவினர் கூடி உண்ணுதல் ஆகியன இரண்டிலும் உண்டு. முதியவரின் சாவில் துயரத்தின் கடுமை குறைவதால் இவ்வொற்றுமை வெளிப்படையாகத் தெரிகிறது. கல்யாணச் சாவு என்ற பெயர் இதனை உணர்த்துகிறது.

சங்க இலக்கியத்தில் சாவுக்கு ஒலிக்கும் பறை 'நெய்தற் பறை' எனப்படும். ஒரு வீட்டில் நெய்தற் பறையும் மற்றொரு வீட்டில் மண முழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் புறநானூற்றின் 194ஆம் பாடல் காட்டி, உலகின் கொடுமையை எண்ணிப் பார்க்கிறது. அங்கே இரு வீடுகளில் எதிரெதிராக நிற்கும் இன்பமும் துன்பமும் கல்யாணச் சாவில் ஒரே வீட்டில் சேர்ந்து வருகின்றன எனலாம்.

எந்தச் சாவு கல்யாணச் சாவு?

இதற்கென எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. இறந்தவரின் வயது, பேரப்பிள்ளைகள் உள்ளமை, பிள்ளைகளின் திருமணம் முதலிய கடமைகள் முடிந்தமை ஆகியவற்றைக் கொண்டு உறவினரும் ஊராரும் முடிவு செய்வர். இளம் வயதினர், விபத்தில் இறந்தோர், தற்கொலை செய்துகொண்டோர் ஆகியோரின் சாவு இவ்வாறு கொண்டாடப்படுவதில்லை. எனவே இது சாவைக் கொண்டாடுவது அன்று. குறைவின்றி முடிந்த ஒரு வாழ்வைக் கொண்டாடுவதாகும்.

சடங்குகள்

சடங்குகள் சாதிக்குச் சாதியும் ஊருக்கு ஊரும் வேறுபடும். எனினும் கீழ்க்கண்டவை பொதுவாகக் காணப்படுகின்றன.

கோடி: உறவினர் கொண்டுவந்து போர்த்தும் புதுத் துணி. இறந்தவர் பெண்ணாயின் பிறந்த வீட்டுக் கோடிக்குத் தனி மதிப்பு உண்டு. சம்பந்தி வீட்டார் மாலைகளுடன் மேளம் முழங்க வருவதும் வழக்கம்.

நெய்ப்பந்தம்: பேரப்பிள்ளைகள் உடலைச் சுற்றி நின்று நெய்யில் நனைத்த பந்தங்களை ஏந்துவர். பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இருப்பது பேறாகக் கருதப்படுகிறது.

வாய்க்கரிசி: உறவினர் இறந்தவரின் வாயில் அரிசி இடுதல்.

பாடை: மூங்கிலால் கட்டப்படும். கல்யாணச் சாவில் இது தேர் போல அலங்கரிக்கப்பட்டுப் பூப்பாடை ஆகிறது. இன்று பல ஊர்களில் பூ அலங்காரம் செய்த வண்டியும் பயன்படுத்தப்படுகிறது.

ஊர்வலம்: வழிநெடுகப் பூவும் பொரியும் தூவப்படும்; சில்லறைக் காசுகளும் இறைக்கப்படும். சில இடங்களில் இக்காசுகளை எடுத்துவைத்தால் நீண்ட ஆயுள் கிட்டும் என்ற நம்பிக்கை உள்ளது.

இவ்வளவு ஆரவாரத்திற்கு நடுவிலும் பெண்கள் ஒப்பாரி பாடுவர். ஒப்பாரி இறந்தவரின் குணங்களையும் அவர் பட்ட பாட்டையும் எடுத்துச் சொல்லும். வீட்டினுள் ஒப்பாரியும் தெருவில் ஆட்டமும் ஒரே நேரத்தில் நிகழ்வதே இதன் இயல்பு.

இசை

முதன்மையான இசைக்கருவி பறை ஆகும். இது தப்பு எனவும் வழங்கும். மரச்சட்டத்தின் மீது தோல் போர்த்திச் செய்யப்படும் இக்கருவியைத் தீயில் காய்ச்சி, தோலை இறுக்கிய பின்னர் இரண்டு குச்சிகளால் அடிப்பர். திருமணம், கோயில் விழா, சாவு ஆகியவற்றுக்குத் தனித்தனி அடிகள் உண்டு. கல்யாணச் சாவில் ஆட்டத்திற்கு ஏற்ற விரைவான அடிகள் இடம்பெறுகின்றன. பேண்டு வாத்தியமும் சேர்க்கப்படுவதுண்டு. சென்னையில், குறிப்பாக வடசென்னையில், சாவு வீட்டில் இரவு முழுவதும் கானா பாடும் வழக்கம் உள்ளது.

கருமாதியும் கர்ண மோட்சமும்

அடக்கத்திற்குப் பின் பெரும்பாலும் 16ஆம் நாள் கருமாதி எனப்படும் காரியம் நடைபெறும். வட தமிழகத்தில் காரியத்தை ஒட்டிய இரவில் 'கர்ண மோட்சம்' தெருக்கூத்து நடத்தும் வழக்கம் உண்டு. பாரதப் போரின் 17ஆம் நாளில் கர்ணன் வீழ்வதும், அந்தண வேடத்தில் வரும் கண்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் தானமாக அளிப்பதும் இதன் கதை. கொடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லாமல் ஒருவன் வீடுபேறு அடைவதைக் கண்டு, இறந்தவரும் அவ்வாறே நற்கதி பெறுவார் என உறவினர் ஆறுதல் கொள்கின்றனர்.

இக்கூத்து செஞ்சி வட்டாரத்தில் வேரூன்றியதற்குத் திரௌபதி அம்மன் வழிபாடு முக்கியக் காரணமாகும். செஞ்சியை அடுத்த மேலச்சேரி இவ்வழிபாட்டின் தொன்மையான மையமாகக் கருதப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி 1988இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதி, செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்னும் பொருள்படும் துணைத்தலைப்பைக் கொண்டது.

பறையும் சாதியும்

கல்யாணச் சாவின் மகிழ்ச்சி அனைவருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. சாவுக்குப் பறையடித்தல், சாவுச் செய்தி சொல்லச் செல்லுதல், குழி வெட்டுதல் ஆகிய வேலைகள் தலித் மக்களின் மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தன. பிற சாதியினரின் சாவைச் சிறப்பித்தவர்களுக்கு அச்சடங்கினால் இழிவே கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் சாவுப் பறை குறிப்பிட்ட சாதியினரின் கடமையாக்கப்பட்டிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தனர். இதனால் மோதல்களும் ஊர்விலக்கங்களும் நேர்ந்தன. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ செய்வதைக் குற்றம் என வெளிப்படையாக அறிவித்தது.

மற்றொரு சாரார் பறையைக் கைவிடாமல் மேடைக்குக் கொண்டுசென்றனர். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு பறையாட்டத்தைத் தலித் பெண்களின் விடுதலைக் கலையாக முன்வைத்தது. மதுரை மாவட்டப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று ஊதியம் பேசி வரும் குழுக்கள் பல உள்ளன.

கைம்பெண்களின் நிலை

இறந்தவர் ஆணாக இருந்து அவர் மனைவி உயிரோடு இருந்தால், அதே வீட்டில் அவருக்குத் தாலி வாங்கும் சடங்கும் நடைபெறும். பூவும் பொட்டும் அவரிடமிருந்து நீக்கப்படும். கணவரின் வாழ்வு நிறைவாகக் கொண்டாடப்படும்போது, அவ்வாழ்வில் பாதியாக இருந்தவர் மங்கலமற்றவர் ஆக்கப்படுகிறார். இச்சடங்கைத் தவிர்க்கும் குடும்பங்களும் உள்ளன.

பிற பண்பாடுகளில்

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளில் இறுதி வழிபாடு 'வீடு திரும்புதல்' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது. அடிமைத்தனத்தில் வாழ்ந்தோருக்குச் சாவு விடுதலையாகத் தோன்றியது இதன் பின்னணியாகும். நியூ ஓர்லியன்சு நகரில் இசைக்குழு கல்லறை வரை மெதுவான துதிப்பாடல்களை இசைத்துச் செல்லும். அடக்கம் முடிந்ததும் துள்ளலிசை தொடங்கும். கானா நாட்டின் கா இனத்தவர் மீன், மகிழுந்து போன்ற வடிவங்களில் சவப்பெட்டி செய்து இறந்தவரின் தொழிலையும் விருப்பத்தையும் காட்டுவர்.

இவற்றுக்கும் கல்யாணச் சாவுக்கும் ஒற்றுமைகள் இருப்பினும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. வாழ்நாளில் மதிப்பு மறுக்கப்பட்ட தம்மவருக்கு இறுதியிலேனும் முழு மதிப்பை அளிக்கக் கறுப்பினத்தவர் தாமே பாடினர். தமிழகத்தில் ஒடுக்கப்பட்டோர் பிறருடைய சாவுக்கு இசைக்க வேண்டியிருந்தது. அவர்கள் தம் குடியிருப்பில், தம் முதியவரின் சாவுக்கு, தம் விருப்பத்தால் அடிக்கும் பறையே கறுப்பினத்தவரின் மரபுக்கு மிக நெருங்கியதாகும்.