பர்சனல் ட்ரெயினர் சரியில்லையா? தொடர்வதா, விலகுவதா... எப்படி முடிவெடுப்பது?

மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டியாச்சு. ஆறு வாரமும் ஓடிவிட்டது. ட்ரெயினர் பக்கத்தில்தான் நிற்கிறார், "இன்னும் ரெண்டு... இன்னும் ரெண்டு" என்கிறார். ஆனால் கண் செல்போனில். முதல் வாரம் தூக்கிய அதே வெயிட், அதே வரிசை. கேட்டால், "பொறுமையா இருங்க ப்ரோ, ரிசல்ட் வரும்" என்கிறார்.

இந்த நிலையில் சிலர் கட்டிய பணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் ஜிம்முக்கே முழுக்குப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். போனது ட்ரெயினர் மட்டுமல்ல, உடற்பயிற்சியும்தான்.

குறை யார் பக்கம்?

முதலில் எதிர்பார்ப்பைச் சரிபார்க்க வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு முதல் சில வாரங்களில் பலம் கூடும். ஆனால் அதில் பெரும்பங்கு, நரம்பு மண்டலம் பயிற்சிக்குப் பழகுவதால் வருவது. கண்ணாடியில் மாற்றம் தெரியப் பொதுவாக 2 முதல் 3 மாதங்கள் ஆகும். எடையைக் குறைப்பவர்களுக்கு வாரம் அரை கிலோ முதல் 1 கிலோ வரைதான் பாதுகாப்பான வேகம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ட்ரெயினரோடு இருப்பது 3 மணி நேரம் என்றால், மீதி 165 மணி நேரத் தூக்கமும் சாப்பாடும் அவர் கையில் இல்லை.

ஆனால் ரிசல்ட்தான் தாமதமாகலாம், ட்ரெயினர் செய்ய வேண்டிய வேலை தாமதமாகக் கூடாது. இந்த நான்கைப் பாருங்கள்:

* பழைய காயம், பிபி, சுகர், சாப்பிடும் மருந்து பற்றி ஆரம்பத்திலேயே கேட்டாரா?
* உங்கள் இலக்குக்கு என்று ஒரு திட்டம் இருக்கிறதா, எல்லோருக்கும் ஒரே ஷீட்டா?
* எத்தனை கிலோ, எத்தனை முறை என்று குறித்துவைக்கிறாரா? உடல் பழகப் பழக, சுமையைப் படிப்படியாகக் கூட்டினால்தான் முன்னேற்றம் வரும்.
* நீங்கள் செட் போடும்போது உங்களைப் பார்க்கிறாரா?

எப்போது உடனே விலகணும்?

பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாள், சில நேரம் மூன்று நாள்கூட தசை வலிப்பது சகஜம். மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி வேறு. அதற்கும் "வலிச்சாதான் வளரும்" என்று சொல்பவரிடம் தொடர வேண்டாம். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்வது, ஸ்டீராய்டு ஊசி விற்பது, தேவையில்லாமல் தொடுவது - இவற்றுக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால், ட்ரெயினரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கலாம்.

மற்ற குறைகளை எப்படிப் பேசுவது?

கவனக்குறைவு, திட்டமின்மை போன்றவற்றைப் பேசிப் பார்க்கலாம். தினமும் முகம் பார்க்கும் ஆளிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் இயல்புதான். குற்றம்சாட்டாமல், தேவையைச் சொன்னால் போதும்: "மாஸ்டர், ஆறு வாரமா அதே வெயிட்தான் போடறேன். அடுத்த நாலு வாரத்துக்கு என்ன பிளான்னு எழுதிக் கொடுங்க. ஸ்குவாட் போடும்போது மட்டும் பக்கத்துல நின்னு பாருங்க."

மாலை நேரக் கூட்டத்தில் ஒரே சமயத்தில் மூன்று பேரை அவர் கவனித்துக்கொண்டிருக்கலாம். நேரத்தை மாற்றினாலே பிரச்சினை தீர வாய்ப்புண்டு. நான்கு வாரம் பாருங்கள். அப்போதும் மாற்றமில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

கட்டிய பணம் என்னாகும்?

கட்டிய பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 'இன்றைக்குப் புதிதாகப் பணம் கட்டுவதென்றால் இவரிடமே கட்டுவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், ட்ரெயினரை மாற்றித் தரச் சொல்லி ஜிம் மேலாளரிடம் கேளுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதைவிட இது எளிது.

ரீஃபண்டுதான் வேண்டுமென்றால் ரசீது, ஒப்பந்தம், நடக்காத வகுப்புகளின் தேதிகளை எடுத்துவைத்து மின்னஞ்சலில் கேளுங்கள். குறைபாடுள்ள சேவையை நிறுத்திவிட்டு, ரசீதில் சொன்ன காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் 'பிடிக்கவில்லை' என்பது மட்டும் குறைபாடு ஆகாது. சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

விலகும் முன் ஒன்று...

பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், 2 நாள் தசைப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ட்ரெயினர் கட்டாயமில்லை. எனவே ட்ரெயினருக்கு "தேங்க்ஸ் மாஸ்டர்" சொல்லும் முன்பே, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன பயிற்சி என்பதை முடிவு செய்துவிடுங்கள். மாற வேண்டியது ட்ரெயினர்தான், ஜிம்முக்குப் போகும் பழக்கம் இல்லை.